தலைப்பில் திறந்தாச்சு, கடைமடைக்கு வந்ததா?

கேள்வி:

அக்கா, வணக்கம். பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. சென்னை மென்பொருள் கம்பெனி ஒன்றில் பி.எம்.ஓ. (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆபீஸ்) வேலை, ஒன்பது வருடம் ஆகிறது. குழுவில் ஆறு பேர். கொரோனாவில் ஊருக்கு வந்தவன்தான். இப்போது மாதத்தில் ஒரு வாரம் சென்னை ஆபீஸ், மற்ற வாரங்களில் இரண்டு நாள் தஞ்சாவூரில் கம்பெனி எடுத்திருக்கும் சின்ன ஆபீஸ், மீதி நாள் வீடு. டெவலப்பர்கள் பாதிப் பேர் சென்னை, மிச்சம் தஞ்சை, திருச்சி, அவரவர் வீடு என்று சிதறிக் கிடக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் 23 ப்ராஜெக்டுக்கும் ஸ்டேட்டஸ் வாங்கி ரிப்போர்ட் அனுப்புகிறோம், யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. மேனேஜர்கள் எங்களைப் போலீஸ் என்கிறார்கள். யார் எந்த நாள் ஆபீஸ் வந்தார்கள் என்ற கணக்கையும் போன மாதம் எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ப்ராஜெக்டுகளை முடித்துக் கொடுக்கும் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் டெலிவரி ஹெட், "ரிப்போர்ட்டை ஏ.ஐ. போட்டுவிடும், நீங்கள் ஆறு பேர் எதற்கு என்று ஒரு மாதத்தில் எனக்குச் சொல்லுங்கள்" என்கிறார். இரண்டு பேரை வேலையிலிருந்து எடுக்கப்போவதாகப் பேச்சு. பி.எம்.ஓ.வுக்கு இனி எதிர்காலம் உண்டா? பி.எம்.பி. என்ற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ்ப் பரீட்சை எழுதட்டுமா, வேறு வேலை பார்க்கட்டுமா? கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள்: நான் வீட்டில் இருந்து வேலை பார்ப்பதை அம்மா வேலை என்றே ஒத்துக்கொள்ளவில்லை. கேஸ் சிலிண்டர்காரர் முதல் ரேஷன் கடை வரை எல்லாம் நான்தான்.

பதில்:

தம்பி, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அம்மா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

பி.எம்.ஓ. என்று சொல்லி நம் ஊரில் யாருக்கும் புரிந்ததில்லை. எனக்கு அந்த வேலை கிடைத்த புதிதில் என் மாமனார், மருமகள் பிரதமர் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள் என்று மன்னார்குடியில் நாலு பேரிடம் சொல்லி வைத்து, ஒரு பெரியவர் முதியோர் பென்ஷன் மனுவோடு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கம்பெனியில் ஓடுகிற எல்லா ப்ராஜெக்டுகளிலும் ஆளும் நாளும் காசும் கைமீறிப் போகிறதா, எது எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று மொத்தமாகப் பார்க்கிற பிரிவு, ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆபீஸ். நான் சென்னையில் அதை ஒன்பது வருடம் நடத்தினேன், 2020இல் ஊருக்கு வந்தபிறகு இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் டெலிவரி ஹெட் கேட்ட விதம் சரியில்லை, ஆனால் கேட்ட கேள்வி சரி. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்தான் பி.எம்.ஓ. என்றால் ஆறு பேர் தேவையில்லை. ஒருவரே அதிகம்.

ஆனால் அது எப்போதுமே நம் வேலையாக இருந்ததில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. எல்லோரும் ஒரே மாடியில் உட்கார்ந்திருந்த காலத்தில் நானும் வியாழன் வெள்ளி ரிப்போர்ட் வாங்கினேன்தான். ஆனால் வாங்க நடந்து போவேன். போகிற வழியில் ஒரு பையன் முகம் தொங்கிப் போயிருக்கும், "என்னடா" என்றால், "டேட்டாபேஸ் டீம் இன்னும் தரலை அக்கா, மூணு வாட்டி கேட்டாச்சு" என்பான். திரும்பி வரும்போது டேட்டாபேஸ் டீம் லீட் இருக்கைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் பேசுவேன், சாயங்காலம் வேலை நகர்ந்திருக்கும். இதெல்லாம் ரிப்போர்ட்டில் வராது. வந்தது நன்றாகப் போனால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு என்று மூன்று வட்டம்தான். வட்டத்தைப் பார்த்த மேலிடம் வட்டம்தான் வேலை என்று நினைத்தது, கொஞ்ச நாளில் நாங்களும் அப்படியே நினைக்க ஆரம்பித்தோம். கொரோனா வந்து நடப்பது நின்றது. வட்டம் மட்டும் மிஞ்சியது. இப்போது உங்களை அளப்பதும் அந்த வட்டத்தை வைத்துத்தான்.

என் அப்பா திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை விவசாயி, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம். மேட்டூரில் ஜூன் 12 திறந்துவிட்டார்கள் என்றால் பேப்பரில் பூத்தூவுகிற படம் வரும். மூன்று நாலு நாளில் கல்லணை திறப்பார்கள், மறுபடி பூ, மறுபடி படம். அப்புறம் காவிரியில் இத்தனை கன அடி, வெண்ணாற்றில் இத்தனை, கல்லணைக் கால்வாயில் இத்தனை, கொள்ளிடத்தில் இத்தனை என்று தினமும் கணக்கு வரும். அப்பா அதை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு, மடித்து வைத்து, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைப் பார்க்கப் போய்விடுவார், ஏனென்றால் அந்தக் கணக்கில் எதுவும் பொய்யில்லை, எங்கள் வாய்க்காலில் மட்டும் தண்ணீர் இல்லை. நடுவில் ஷட்டர் பழுது, ஆகாயத்தாமரை, தூர் வாராத கிளை வாய்க்கால், மேல்மடைக்காரர் போட்ட மண்மூட்டை, ஆயிரம் இருக்கும். அதை ஒவ்வொரு மதகாகப் பார்த்துச் சொன்னவர் அந்தக் காலத்துப் பொதுப்பணித்துறை லஸ்கர்தான், சைக்கிளில் கரையோடு போவார். அப்பா கேட்பதெல்லாம் அவரிடம்தான், என்ஜினியரிடம் இல்லை.

உங்கள் வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கல்லணைக் கணக்கு மாதிரி. வீடும் ஆபீஸுமாகக் கலந்து பார்க்கிற இந்த ஹைப்ரிட் வேலையில் உங்கள் கம்பெனிக்கு இல்லாமல் போனது அந்த சைக்கிள்காரர்.

என் கதை ஒன்று சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். 2022இல் நான் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த ஒரு இடம். புதன்கிழமை மீட்டிங் டீம்ஸ் வீடியோ காலில் நடந்தது, எல்லோரும் இருந்தார்கள், முடிந்தது. முடிந்தபிறகு சென்னை ஆபீஸில் இருந்த மூன்று பேர் கீழே டீ குடிக்கப் போனார்கள். டீக்கடையில் நின்றபடி, வாடிக்கையாளர் கேட்ட ஒரு கணக்கு விதியை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நல்ல முடிவுதான், நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் வீட்டில் இருந்து வேலை பார்த்த மூன்று டெஸ்டர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் பதினொரு வேலைநாள் பழைய விதிப்படி சோதித்து, வந்த வித்தியாசத்தையெல்லாம் தவறு என்று பதிந்து, டெவலப்பர்கள் அதை மறுத்து, இரண்டு பக்கமும் மனஸ்தாபம் ஆகி, கடைசியில் ஒரு பெண் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தபிறகுதான் டீக்கடை விஷயம் வெளியே வந்தது. மூன்று பேர், பதினொரு நாள், 33 ஆள்நாள். அந்த இரண்டு வாரமும் ரிப்போர்ட்டில் அந்த ப்ராஜெக்ட் பச்சை.

யாரும் கெட்டவர்கள் இல்லை இதில். அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது அறையில் இல்லாதவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். இது ஒரு கம்பெனியின் கோளாறு மட்டுமில்லை. மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் 2020 முதல் ஆறு மாதத் தகவல்தொடர்பை எடுத்து ஆராய்ந்து, அடுத்த வருடம் வெளியிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அவரவர் குழுவுக்குள் பேச்சு இறுகியது, குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் இருந்த இழைகள் குறைந்தன, நேரடிப் பேச்சு குறைந்து மெயிலும் மெசேஜும் கூடியது என்பதுதான் அதில் தெரிந்தது. குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் என்று சொன்னேனே, அந்த இடம்தான் பி.எம்.ஓ.வின் வயல். அங்கேதான் இப்போது தண்ணீர் இல்லை, நீங்கள் வேறெங்கோ வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அதற்காக எல்லோரையும் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வரவழைத்தால் சரியாகிவிடும் என்று உங்கள் டெலிவரி ஹெட் ஆரம்பித்தால், சீனாவின் ட்ரிப்.காம் கம்பெனியில் நடந்ததைச் சொல்லுங்கள். 1,612 பேரைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டு வேலை கொடுத்தார்கள். வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், வேலைத் தரத்திலும் பதவி உயர்விலும் வித்தியாசம் தெரியவில்லை. 2024இல் நேச்சர் இதழில் வந்தது. ஆக, ஹைப்ரிட் தன்னளவில் குற்றவாளி இல்லை. பழைய ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் மாற்றினோமே, அதுதான் கோளாறு.

சரி, உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது. என்ன செய்வது?

ரிப்போர்ட்டில் ஆரம்பியுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பது பழைய தந்திரம், உங்கள் நிலைமையில் வேண்டாம், யாராவது அதைத் தூக்கிப் பிடித்தால் உங்கள் தலைதான் உருளும். நான் செய்தது வேறு. மூன்றாம் பக்கத்தில் நடுவே, "இந்த வரியைப் படிப்பவர் எனக்கு ஒரு ஹலோ அனுப்பவும்" என்று போட்டேன். 41 பேருக்குப் போகிற ரிப்போர்ட். இரண்டு ஹலோ வந்தது, அதில் ஒன்று, இந்த மெயிலில் தன் பெயர் ஏன் இருக்கிறது என்று கேட்டு. இதைச் செய்து, எண்ணிக்கையை எழுதி வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு கணக்கு: 23 மேனேஜர்கள் படிவம் நிரப்ப ஆளுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 17 மணி நேரம் போகிறது. உங்கள் இடத்தில் முக்கால் மணியா ஒன்றரை மணியா என்று நாலு பேரைக் கேட்டு உண்மையான எண்ணைப் போடுங்கள், ஊகம் வேண்டாம். உங்கள் ஆறு பேரின் வியாழனும் வெள்ளியும் அதற்கு மேல். அப்புறம் அந்த ரிப்போர்ட்டை ஏ.ஐ.க்குக் கொடுத்துவிடுங்கள். சண்டை போடாமல், சந்தோஷமாக. வேலைகளைப் பதிந்து வைக்கிற ஜிரா சாஃப்ட்வேரில் இருப்பதைப் படித்து அழகாகச் சுருக்கித் தரும், நம்மைவிட இலக்கணப் பிழை இல்லாமல். எழுதியிருப்பதைத்தானே அது படிக்கும்? ஒரு டிக்கெட், அதாவது அதில் பதிந்த வேலை ஒன்று, 12 நாளாக அதே இடத்தில் நிற்கிறது என்று சொல்லும். அந்தப் பையன் சீனியர் ஒருவரிடம் சந்தேகம் கேட்கப் பயந்துகொண்டு, கேமராவை அணைத்துவிட்டு, உட்கார்ந்திருக்கிறான் என்பது ஜிராவில் இல்லை.

அந்த நேரத்தை எடுத்து இரண்டு காரியத்தில் போடுங்கள்.

ஒன்று, முடிவுப் பதிவு. பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு எக்ஸெல் போதும். என்ன முடிவு, யார் எடுத்தார், ஏன், எந்தத் தேதியிலிருந்து, யார் யாருக்குத் தெரிய வேண்டும், அவர்கள் தெரிந்துகொண்டதற்கு அவர்களே போட்ட டிக். கடைசிக் கட்டம்தான் உயிர். அனுப்பியாச்சு என்பது தலைப்பில், அதாவது அணையில், திறந்தாச்சு என்கிற மாதிரி. ஏன் என்ற கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள், ஆறு மாதம் கழித்து வருகிற புதுப் பையன் அதைப் படித்துத்தான் இந்த வேலை ஏன் இப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்வான், பக்கத்து இருக்கையில் கேட்க அவனுக்கு ஆள் இல்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் பதிவாக வேண்டும். மூன்றாவது ஆளைத் தொடுகிற எந்த முடிவும் பதிவில் இல்லையென்றால் செல்லாது. இந்தக் கடைசி வரியை நீங்கள் அறிவிக்க முடியாது தம்பி, அறிவித்தால் மறுபடி போலீஸ் பட்டம்தான். டெலிவரி ஹெட் வாயால் வரவேண்டும். முதல் மாதத்தில் அவர் எடுக்கிற முடிவு ஒன்றையே அவர் பெயரில் பதிந்து காட்டுங்கள், அவருக்குப் பிடித்துவிடும், பெரியவர்களுக்குத் தங்கள் பெயரைப் பதிவேட்டில் பார்ப்பது பிடிக்கும்.

இரண்டு, கடைமடைப் போன். வாரத்துக்கு ஐந்து பேர். மேனேஜர் கூடாது, லீட் கூடாது. டெஸ்டர், சேர்ந்து இரண்டு மாதம் ஆனவர், வேறு கம்பெனியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர், ஊரில் இருந்து வேலை பார்ப்பவர், இப்படி. வீடியோ வேண்டாம், சாதாரணப் போன், பத்து நிமிடம். "இந்த வாரம் உங்கள் வேலையில் என்ன மாறியது, அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" மூன்றே கேள்வி. எப்படித் தெரிந்தது என்பதற்கு "நண்பன் வாட்ஸ்அப்பில் சொன்னான்" என்ற பதில் அடிக்கடி வந்தால் உங்கள் வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பேசியவர் பெயரை மேலே சொல்லாதீர்கள், செத்தாலும் சொல்லாதீர்கள். முதல் வாரம் ஐந்து பேரும் "எல்லாம் நல்லா போகுது சார்" என்பார்கள். மூன்றாவது வாரத்தில்தான் பேசுவார்கள்.

இப்போது அந்த வருகைக் கணக்கு விஷயம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்: அதை இந்த மாதமே கையை விட்டு இறக்குங்கள். யார் எந்தச் செவ்வாய்க்கிழமை வரவில்லை என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கிற வரைக்கும் ஒரு ஆள் உங்களிடம் உண்மை பேசமாட்டார். பேசக்கூடாது என்றுகூடச் சொல்வேன், அது அவர் பிழைப்பு. அது மனிதவளப் பிரிவின் தகவல், கதவில் கார்டு தேய்க்கிற இயந்திரத்திலிருந்து நேராக அவர்களுக்கே போகலாம், நடுவில் நீங்கள் எதற்கு. டெலிவரி ஹெட்டிடம் இதை உரிமைப் பேச்சாகப் பேசாதீர்கள். "சார், நான் வருகை எடுத்தால் எனக்கு ரிஸ்க் சொல்லமாட்டார்கள், உங்களுக்கு எது வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். புத்திசாலி என்றால் புரிந்துகொள்வார். புரியவில்லை என்றால் அந்தக் கம்பெனியில் நீண்ட நாள் இருக்கவேண்டாம் என்பதற்கு அது ஒரு அடையாளம்.

ஆபீஸ் நாள்களைப் பற்றி வேறு ஒரு கணக்கு நீங்கள் வைத்துக்கொள்ளலாம். யார் வந்தார் என்பதை விட்டுவிட்டு, யாரும் யாரும் ஒரே நாளில் ஆபீஸில் சேர்ந்து இருக்க வேண்டும் என்று பாருங்கள். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க வந்து, எழும்பூரில் இறங்கி, லாட்ஜில் குளித்துவிட்டு ஆபீஸ் போய் உட்கார்ந்தால், பேசவேண்டிய ஆள் அன்றைக்கு வீட்டில் இருக்கிறார், சரி என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு டீம்ஸில் பேச வேண்டியது. இதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். எந்த இரண்டு குழுவுக்கு நடுவில் இந்த மாதம் கொடுக்கல் வாங்கல் அதிகம் என்பது கம்பெனியிலேயே பி.எம்.ஓ.வுக்குத்தான் தெரியும், எந்தக் குழு எந்தக் குழுவுக்காகக் காத்திருக்கிறது என்ற டிபென்டன்சி பட்டியல் உங்களிடம்தானே இருக்கிறது. அவர்களை ஒரே இரண்டு நாளில் சேர்த்து வரவழைக்கிற நாள்காட்டியை நீங்கள் போடுங்கள். என் அனுபவத்தில் நேரில் இருந்தே ஆகவேண்டியவை மூன்றுதான்: அடுத்த மூன்று மாதத் திட்டம், புதிதாகச் சேர்ந்தவரின் முதல் இரண்டு வாரம், சண்டை. சண்டையை மெயிலில் தீர்த்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

நாள்காட்டி என்றதும் இன்னொன்று. உங்கள் ரிஸ்க் பட்டியலை எனக்கு அனுப்பாமலே சொல்கிறேன், "முக்கிய ஊழியர் விலகுதல்", "தேவைகள் மாறுதல்" என்று போன வருடத்து வரிகளே இருக்கும். தஞ்சை ஆபீஸ் துணைமின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் அதில் இருக்கிறதா? காலையில் போன மின்சாரம் சாயங்காலம்தான் வரும் என்று முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள், ஆனாலும் அதே நாளில் ரிலீஸ் வைத்துவிட்டு ஜெனரேட்டருக்கு டீசல் தேடிய கூத்தை நான் பார்த்திருக்கிறேன். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் பகுதியில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் டவர் இல்லை. அன்றைக்கு என் டீமில் டெல்டாவில் இருந்து வேலை பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, அதனால் கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு உங்கள் ஆட்களில் எத்தனை பேர் டெல்டாவில்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பது குழந்தைக்கும் தெரியும், நவம்பர் கடைசி வாரத்தில் கோ-லைவ், அதாவது சாஃப்ட்வேரை வாடிக்கையாளர் பயன்பாட்டுக்கு விடுவதை, வைப்பதற்கு முன்னால் திருச்சியிலோ சென்னையிலோ மாற்று ஆள் யார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். சென்னையில் உட்கார்ந்திருக்கிற பி.எம்.ஓ.வுக்கு இது தோன்றாது, பாபநாசத்துக்காரருக்குத் தோன்றும். இதை உங்கள் பலமாகவே காட்டுங்கள்.

பச்சை வட்டத்துக்கு வருகிறேன். வெளியே பச்சை, வெட்டினால் உள்ளே சிவப்பு, தர்பூசணி ரிப்போர்ட் என்று இதற்கு இந்தத் தொழிலில் பெயரே இருக்கிறது. சிவப்பு போட்டால் என்ன நடக்கிறது உங்கள் இடத்தில்? பத்து ஸ்லைடு கேட்பார்கள், பதினாலு பேர் இருக்கிற மீட்டிங்கில் விளக்கச் சொல்வார்கள், சரிதானே? அப்புறம் யார் சிவப்பு போடுவார். நேரில் இருந்தபோது மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போர்டில் பச்சைதான் போட்டிருக்கேன், ஆனா கொஞ்சம் பயமா இருக்கு" என்பார். அந்தத் தாழ்வாரப் பேச்சு போய்விட்டது, பதினாலு சதுர முகங்களுக்கு முன்னால் அதை யாரும் சொல்லமாட்டார். ஆகவே நிறத்தைக் கேட்காதீர்கள். தனியாகப் போன் போட்டு, "அடுத்த மாதம் 20ஆம் தேதி வாடிக்கையாளர் கையில் இருக்கும் என்று உங்கள் போனஸை வைத்துப் பந்தயம் கட்டுவீர்களா?" என்று கேளுங்கள். சிரித்தபடி "முழுசா இல்லை, பாதி வைக்கிறேன்" என்றால் அது மஞ்சள். சிரிக்காமல் பேச்சை மாற்றினால் சிவப்பு. அப்புறம் மேலிடத்தோடு ஒரு ஒப்பந்தம்: சிவப்பு போட்ட முதல் இரண்டு வாரம் விளக்க ஸ்லைடு கிடையாது, என்ன உதவி வேண்டும் என்ற ஒரு கேள்வி மட்டும். இதை வாங்கிக் கொடுத்தீர்களென்றால் மேனேஜர்கள் போலீஸ் என்பதை நிறுத்திவிட்டு அவர்களாகவே போன் செய்வார்கள்.

23 ப்ராஜெக்டையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். பி.எம்.பி. பரீட்சையை நடத்துகிற பி.எம்.ஐ. அமைப்பின் புத்தகங்களில் பி.எம்.ஓ.வை மூன்று வகையாகச் சொல்வார்கள்: கேட்டால் உதவுவது, விதிகளைக் கடைப்பிடிக்கச் செய்வது, ப்ராஜெக்டைத் தானே கையில் எடுத்து நடத்துவது. பரீட்சைக்குப் படிக்கும்போது நம் கம்பெனி எந்த வகை என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஹைப்ரிட்டில் ஒரே பி.எம்.ஓ. மூன்றாகவும் இருக்கவேண்டியிருக்கிறது. ஒரே அறையில் உட்கார்ந்து எட்டு பேர் செய்கிற சின்ன வேலைக்கு மாதம் ஒரு போன் போதும், அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். நாலு ஊர், மூன்று குழு, இரண்டு ஒப்பந்தக் கம்பெனி, ஒரு கடுப்பான வாடிக்கையாளர் என்று ஓடுவதற்கு உங்களில் ஒருவர் கூடவே கிடக்கவேண்டும்.

இதிலிருந்துதான் டெலிவரி ஹெட்டுக்கு உங்கள் பதில் வரும். ஆறு பேரும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்காதீர்கள், கணக்குக்கு நிற்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் போவேன்: ரிப்போர்ட்டுக்கு இனி அரை ஆள். முடிவுப் பதிவும் கடைமடைப் போனும் டிபென்டன்சி நாள்காட்டியும் சேர்த்து மூன்றரை ஆள். மீதி இரண்டு பேரைச் சிக்கலில் இருக்கிற இரண்டு பெரிய ப்ராஜெக்டுக்குள் முழுநேரமாக அனுப்புகிறேன், இன்ன ப்ராஜெக்ட், இன்ன ஆள், இன்ன தேதி. அவர் எடுப்பதற்கு முன்னால் நீங்களே இடத்தைச் சொல்லிவிட்டால் ஆள் பிழைப்பார், அவர் தேர்ந்தெடுத்தால் யார் சம்பளம் அதிகம் என்றுதான் பார்ப்பார். அந்த இரண்டு பேரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், மீட்டிங்கில் தெரிந்துகொள்ள வைக்காதீர்கள். கையோடு இந்த மாதத்தில் கடைமடைப் போனில் நீங்கள் பிடித்த ஒரு விஷயத்தை, எத்தனை ஆள்நாள் வீணாவது நின்றது என்று எண்ணிக்கையோடு வையுங்கள். ஒன்று போதும். கட்டாயம் கிடைக்கும், இருபது போன் போட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் உங்கள் கம்பெனியில் எனக்கே ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள், அவ்வளவு நல்ல இடம் அது.

பி.எம்.பி. எழுதலாம், தப்பில்லை. பட்டப்படிப்பு இருந்தால் ப்ராஜெக்ட்டை முன்னின்று நடத்திய மூன்று வருட அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள், உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை தேடும்போது பெயருக்குப் பின்னால் இருந்தால் முதல் வடிகட்டலில் விழமாட்டீர்கள். ஆனால் அது இந்த மாதத்துப் பிரச்சினைக்கு மருந்தில்லை, பரீட்சையை ஒரு காலாண்டு தள்ளி வையுங்கள். வேலை மாறுவதா என்றால், முதலில் இதைச் செய்துவிட்டு மாறுங்கள். "வாரம் 23 ரிப்போர்ட் போட்டேன்" என்று இன்டர்வியூவில் சொல்வதற்கும், "சிதறிக் கிடந்த குழுக்களுக்குள் முடிவு போய்ச் சேர்கிற வழியை அமைத்தேன், இத்தனை ஆள்நாள் மிச்சம்" என்று சொல்வதற்கும் சம்பளத்திலேயே வித்தியாசம் தெரியும். தஞ்சாவூரில் மினி டைடல் பார்க் 2024இல் திறந்துவிட்டார்கள், இந்தப் பக்கமும் ஆபீஸ்கள் வரத்தான் செய்கின்றன. சென்னையை விட்டால் கதியில்லை என்ற பழைய பயம் வேண்டாம்.

அம்மா விஷயம். எனக்கும் இருந்தது, மாமியார். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில் ஒரு பழைய டயரித் தாளில் பத்தரை முதல் பன்னிரண்டு வரை, மூன்று முதல் நாலரை வரை என்று பெரிசாக எழுதி, "இந்த நேரத்தில் நான் சென்னையில் இருக்கிறேன்" என்று மாடிப்படிக் கதவில் ஒட்டினேன். மற்ற நேரத்தில் சிலிண்டர், ரேஷன், கீரைக்காரம்மா எல்லாம் என் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டேன். முதல் வாரமே யாரோ வாசலில் கேட்டதற்கு மாமியார், "அவ மெட்ராஸ் போயிருக்கா, நாலரைக்கு வந்துருவா" என்று சொன்னது மாடியில் எனக்குக் கேட்டது.